நாலு பொருள் ரொட்டி

— இந்தக் கவர் என்னோடது தங்கச்சி. உள்ள இருக்கிற ரொட்டி என்னோடது இல்ல.

— அதைத்தானே மாஸ்டர் நானும் கேக்குறேன்! வெளிய உங்க கடைப் பேரு, உள்ள எவன் வீட்டு ரொட்டி? மூணு வாரமா என் தலையில மொளகா அரைச்சிருக்கீங்க!

— குட்டி, கத்தாத. எல்லாரும் பாக்குறாங்க. வா, வீட்டுக்குப் போலாம்.

— பாக்கட்டும் அண்ணி. ரோட்டுல போறவங்களையும் கூப்பிட்டுக் காட்டுறேன். ஸ்கேன் எடுத்த கையோட நேரா இங்கதான் வந்திருக்கேன். கல்லீரல்ல கொழுப்பு மூணு வாரத்துக்கு முன்னாடி பதினெட்டு பர்சென்ட். இன்னிக்குப் பத்தொன்பது. பட்டினி கெடந்து கொழுப்பு ஏத்தினவ இந்த உலகத்துலயே நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்.

— நிதானமா சொல்லும்மா. எனக்கு அடுப்பு தெரியும், மாவு தெரியும். ஸ்கேன் எல்லாம் தெரியாது. யாருக்கு என்ன?

— எங்க அண்ணனுக்கு மாஸ்டர். இவங்க வீட்டுக்காரர். கல்லீரல் மொத்தமும் போச்சு. வேற யாராவது தன்னோடதுல பாதியை வெட்டிக் கொடுத்தாத்தான் பிழைப்பாருன்னுட்டாங்க. அண்ணியைச் சோதிச்சாங்க, சேராதுன்னு சொல்லிட்டாங்க. பிள்ளைங்க பள்ளிக்கூடம் போற வயசு. மிச்சம் இருக்கிறது நான் ஒருத்திதான். ரத்தம் சேருது, அளவு சேருது, இந்தப் பாழாப்போன கொழுப்பு ஒண்ணுதான் குறுக்க நிக்குது. பத்துக்குக் கீழ இறக்கிட்டு வா, கத்தியை எடுக்கிறோம்னாங்க.

— ஐயோ. இது தெரியாம நான் உங்கிட்ட மல்லுக்கு நின்னுட்டேனே.

— சாப்பாட்டு அட்டவணை போடுற அம்மா படிச்சுப் படிச்சுச் சொல்லிச்சு. ரொட்டின்னா நாலே பொருள். முழுக் கோதுமை மாவு, தண்ணி, உப்பு, புளிச்ச மாவு. வாயில நுழையாத பேரு ஒண்ணு எழுதியிருந்தாலும் எடுத்த எடத்துலயே திருப்பி வெச்சிடுன்னு. ஏறாத கடை இல்ல மாஸ்டர். முன்னாடி பச்சைக் கலர்ல இலை படம் போட்டு ‘ஆரோக்கியம்’னு எழுதியிருப்பான். பின்னாடி திருப்பினா எறும்பு ஊர்ந்த மாதிரி இருபத்திரெண்டு பொருள். படிச்சு முடிக்கிறதுக்குள்ள பசியே செத்துடும். கடைசியில உங்க கடை கெடைச்சப்ப, தெரியுமா, வாசல்ல நின்னு அழுதுட்டேன்.

— அது நெஜம்தான். என் ரொட்டியில அஞ்சாவதா ஒண்ணு இருந்தா அது என் வேர்வைதான்.

— அந்த வேர்வையிலதான் வெண்ணெய் இருக்கு போல.

— குத்தாத தங்கச்சி. இங்க கொடு அதை. ம். அடிப்பக்கத்தைப் பாரு. வழவழன்னு இருக்குல்ல? எண்ணெய் தடவின தகர அச்சுல வெந்தது. நான் கல்லு மேல போட்டுச் சுடுறவன். என்னோடதுக்கு அடியில மாவு ஒட்டியிருக்கும், கல்லோட சொரசொரப்பு அப்படியே பதிஞ்சிருக்கும். இப்போ விரலால அமுக்கு. நல்லா அமுக்கு.

— அமுங்குது.

— அமுங்கி, எழுந்திரிக்காம அங்கயே கெடக்குது பாரு. பஞ்சு. என்னோடதை அமுக்கினா உன் விரலைத் தள்ளிக்கிட்டு மேல வரும்.

— ஆனா பழுப்பா இருக்கே மாஸ்டர்! பழுப்பா இருந்தாக் கோதுமைதானே?

— இந்த ஒரு நம்பிக்கையை வெச்சுக்கிட்டுத்தான் ஊருல பாதிப் பேர் ஏமாறுறாங்க. சர்க்கரையைக் கருக்கி ரெண்டு கரண்டி ஊத்தினா மைதாவும் இந்த நெறத்துக்கு வந்துடும். இதுல மைதா, வெண்ணெய், பால் பவுடர், சர்க்கரை. மோந்து பாத்தாலே தெரியுது. உனக்கு இனிக்கலையா?

— இனிச்சுது. முதல் நாளே இனிச்சுது. பசியிலதான் அப்படித் தெரியுதுன்னு நெனச்சேன் மாஸ்டர். வெறும் வயித்துல பச்சைத் தண்ணி கூட ருசியாத்தானே இருந்துச்சு.

— என்னோடது ஒரு துண்டு எழுபது கலோரி வரும். இது அதைப் போல ரெண்டு மடங்குக்குக் கொறையாது. ஒரு நாளைக்கு எத்தனை துண்டு?

— நாலுன்னு எழுதிக் கொடுத்திருக்காங்க. அண்ணன் எங்க விடுறார்? நான் தையல் கடையில இருந்து வந்ததும் கூப்பிட்டுப் பக்கத்துல உக்கார வெச்சுக்குவார். எழுந்து உக்காரவே ரெண்டு தலகாணி வேணும் அவருக்கு. அப்படி உக்காந்துகிட்டு, என் கண்ணு முன்னாடி சாப்பிடுன்னு ஒரு அடம். வெறும் மாவும் தண்ணியும்தானே, இன்னொண்ணு எடு, என்னை அறுத்துத் தைக்கிற வரைக்கும் உனக்குத் தெம்பு வேணாமான்னு சிரிப்பார். மஞ்சப் பூத்த கையால எடுத்து நீட்டினா எப்படி மாஸ்டர் வேணாம்னு சொல்றது? ஆறு, ஏழு உள்ள போயிடும்.

— ஏழா!

— குட்டி, போதும். மாஸ்டருக்கு அடுப்புல வேலை கெடக்கு. வா.

— நீங்க ஏன் அண்ணி கால்ல வெந்நீர் ஊத்தின மாதிரி நிக்கிறீங்க? எனக்கு முன்னாடி நீங்கல்ல சண்டை போடணும்! தினம் காலையில வந்து வாங்கிட்டுப் போறது நீங்கதானே? இந்த ஆளு உங்க கையில எதைக் கொடுத்தார்னு அவர் மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க.

— கவரை இப்படிக் கொடு குட்டி. போலாம்.

— அண்ணி?

— நானே சொல்லிடுறேன் தங்கச்சி. இந்த அம்மா ஏழு மணிக்கெல்லாம் வந்துடுவாங்க. ஒரு நாள் தப்பினதில்ல. கல்லுல இருந்து எடுத்து, சூடு ஆறினதும் வெட்டி, நானே கவர்ல போட்டு அவங்க கையில கொடுப்பேன். இந்த வாசப்படி தாண்டுற வரைக்கும் அது என் ரொட்டி. அதுக்கப்புறம் கவருக்குள்ள என்ன நடந்துச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்?

— அண்ணி. என் முகத்தைப் பாருங்க.

— வீட்டுல போய்ப் பேசலாம் குட்டி.

— வீட்டுல அண்ணன் இருக்கார். இங்கயே பேசுங்க. மாஸ்டர், அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்துங்க.

— சாத்திட்டேன். நீங்க பேசிட்டு இருங்க, நான் பின்கட்டுல இருக்கேன்.

— நீங்களும் இருங்க. வந்ததுல இருந்து உங்களைத்தான் வெச்சு வாங்கியிருக்கேன். அது யாருக்குச் சேர வேண்டியதுன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போங்க.

— நான்தான் மாத்தினேன்.

— என்ன?

— பஸ் ஸ்டாப் பக்கத்துக் கடையில வாங்கி, இந்தக் கவர்ல போட்டு வெச்சேன். மாஸ்டர் ரொட்டியைப் பசங்களுக்குக் கொடுத்தேன். கடிக்கவே முடியலம்மான்னு சின்னவன் தினம் அழுவான்.

— ஏன் அண்ணி?

— உன் அண்ணன் சொன்னாரு.

— பொய்.

— என் பிள்ளைங்க மேல சத்தியம். குட்டியோட புருஷன் போய் ரெண்டு வருஷம் ஆகல, அந்தக் குழந்தைக்கு அவ ஒருத்திதான் இருக்கா, மேசையில படுத்தவ எழுந்திரிக்கலைன்னா நான் பிழைச்சு வந்து அந்தக் குழந்தை முகத்துல எப்படி முழிப்பேன்னு கேட்டாரு. வேணாம்னு வாயால சொன்னா நீ கேக்க மாட்டியாம். சின்ன வயசுல இருந்தே பிடிவாதக்காரியாம். அவளைத் தோக்க வெக்கிறதைத் தவிர வேற வழி இல்லைன்னாரு.

— அப்போ அந்தச் சிரிப்பு? என் கண்ணு முன்னாடி சாப்பிடுன்னு... இன்னொண்ணு எடுன்னு...

— நீ அந்தப் பக்கம் போனதும் சுவத்தைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்குவாரு. விடியுற வரைக்கும் அப்படியே கெடப்பாரு.

— அவர் ஆயிரம் சொல்லுவார் அண்ணி! சாகக் கெடக்குறவருக்கு என்ன, எது வேணா தோணும். நீங்க? உங்களுக்கு எங்க போச்சு புத்தி? நான் சாகறேன், நீ ஒத்தாசை பண்ணுன்னு கட்டினவர் கேட்டா, சரிங்கன்னு பையைத் தூக்கிட்டுக் கடைக்குப் போவீங்களா? ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, மாட்டேன்னு சொல்ல உங்களுக்கு வாய் வரலையா?

— வரல.

— வரலையாம்! மாஸ்டர், கேட்டீங்களா? வரலையாம்!

— விடு தங்கச்சி. அம்மா, இந்த ஸ்டூல்ல உக்காருங்க.

— எனக்கு இன்னும் பன்னெண்டு நாள்தான் இருக்கு. அதுக்கு மேல அண்ணன் உடம்பு கத்தியைத் தாங்காதுன்னு கையை விரிச்சிட்டாங்க. பன்னெண்டு நாள்ல பத்தொன்பதை ஒன்பதாக்கணும். முடியுமா மாஸ்டர்? தையல் கடைக்கு நடந்தே போறேன், நடந்தே வர்றேன். ராத்திரி மொட்டை மாடிக்கு நூறு தடவை ஏறி இறங்குறேன். உங்க ரொட்டி ரெண்டே துண்டு. முடியும்ல?

— நான் ரொட்டி சுடுறவன்மா. எனக்கு என்ன தெரியும்?

— முடியும்னு சொல்லுங்களேன். பொய்யாவது சொல்லித் தொலைங்களேன்!

— பொய் எதுக்கு. என்னால ஆனதைச் சொல்றேன். தவிட்டைக் கூட்டி, தண்ணியைக் கூட்டி, கைக்கு அடக்கமா ஒண்ணு உனக்குன்னு தனியாச் சுடுறேன். தாள் மாதிரி வெட்டித் தர்றேன், துண்டு நாப்பது கலோரிக்கு மேல போகாது. ஆனா காலையில நீயே வரணும். இங்கயே நின்னு தின்னுட்டுப் போகணும். வேற யார் கையிலயும் கொடுக்க மாட்டேன். தப்பா எடுத்துக்காதீங்கம்மா.

— இல்ல மாஸ்டர். சரியாத்தான் சொல்றீங்க.

— அதுவும் எதுக்கு மாஸ்டர்? வெறும் தண்ணி குடிச்சா? பன்னெண்டு நாளும் தண்ணி மட்டும்?

— நாலாம் நாள் தையல் மிஷின் மேலயே விழுந்துடுவ.

— விழட்டும். விழுந்தா ஆஸ்பத்திரிக்குத்தானே தூக்கிட்டுப் போவாங்க? அப்படியே உள்ள தள்ளிட்டுப் போய் அறுத்துக்கட்டும். ஆட்டோ பிடிக்கிற வேலை மிச்சம். வெட்டுங்க மாஸ்டர், இருக்கிறதுல ஒண்ணை எடுத்து இப்பவே வெட்டுங்க. இந்தப் பக்கம் இருந்து பாத்தா அந்தப் பக்கம் தெரியணும், அவ்வளவு மெல்லிசா.

— வெட்டாதீங்க மாஸ்டர். கத்தியைக் கீழ வைங்க.

— இன்னும் என்ன அண்ணி? அண்ணனுக்குப் பண்ணின சத்தியத்துல ஏதாவது பாக்கி இருக்கா?

— நீ பட்டினி கெடக்க வேணாம். உன்னை வெட்டவும் வேணாம். பன்னெண்டு நாளும் வேணாம். குட்டி, என்னை அடிக்கிறதா இருந்தா அப்புறமா அடி, இப்போ கேளு. முதல் வாரம் என்னைச் சோதிச்சாங்கல்ல. எல்லாம் முடிஞ்சதும் பெரிய டாக்டரம்மா என்னை மட்டும் தனியா ஒரு ரூம்ல உக்கார வெச்சு, மனசார சம்மதிச்சுத்தான் தர்றீங்களான்னு கேட்டாங்க. எனக்குப் பசங்க முகம் வந்துச்சு. அப்பாவும் அம்மாவும் ஒரே நாள்ல உள்ள போய், ரெண்டு பேரும் வெளிய வரலைன்னா? பயமா இருக்கு, என்னால முடியாதுன்னு சொல்லிட்டேன். சரிம்மா, வெளிய சேரலைன்னு மட்டும் நாங்க சொல்லிடுறோம், காரணம் யாருக்கும் தெரியாதுன்னாங்க. உன் அண்ணனுக்கும் தெரியாது. அவர் வந்து, அவளுக்கும் குழந்தை இருக்கு, அவளை எப்படி வெட்டச் சொல்றதுன்னு கேக்கிறப்போ நான் எந்த வாயால மாட்டேன்னு சொல்லுவேன்? அவருக்கு என்னோடது சேரும் குட்டி.