மெத்தை கட்டிய வாளி

சனி காலை, ரொக்ஸ்பரோவில் பஸ் ஏறிய கணவனும் மனைவியும் எனக்கு முன்னால் அமர்ந்தார்கள். கணவன் கையில் பனிக்கட்டியைத் துளைக்கும் துறப்பணமும் இரண்டு வாளிகளும்.

"நான் உறைஞ்ச ஏரிக்கு மேல கால் வைக்கமாட்டன். கரையில நிண்டு உங்களைப் பாத்துக்கொண்டிருப்பன்," என்றார் மனைவி. நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"அதில கார் ஓடுதப்பா."

"ஓடட்டும். போன கிழமை பத்துத் தரம் போன் அடிச்சன், நீங்கள் எடுக்கேல்ல."

"டோரே மீன் கொத்திற நேரம் போன் எடுக்க ஏலுமே?"

"பத்துத் தரமும் நீங்கள் ஐஸ் உடைஞ்சு தண்ணிக்குள்ள தாண்டுபோனீங்கள் எண்டு அழுதன்."

அவர் வாளிகளைக் காலடிக்கு இழுத்தார். மனைவி அவற்றைக் குனிந்து பார்த்தார்.

"மீனுக்கு ஒரு வாளி, நீங்கள் இருக்க ஒண்டு. அதில ஏன் மெத்தை கட்டியிருக்கு?"

"நான் நிண்டுகொண்டு பிடிப்பன். அது உமக்கு. போன மாசமே கட்டிப்போட்டன்."

இறங்கும்போது அந்த வாளியை மனைவியே தூக்கிக்கொண்டார்.

"ஐஸில துளைக்கிற ஓட்டைக்குப் பக்கத்தில மட்டும் வைக்கமாட்டன், சொல்லிப்போட்டன்."