குறைந்துகொண்டே வந்த குதிரைகள்

எனக்கு அவசரம் பிடிக்காது. டீயைக்கூட ஆற வைத்து, மேலே ஆடை படிந்த பிறகுதான் குடிப்பேன். பட்டறையில் எனக்கு ஆமை என்று பேர். முதலாளி வைத்தது. வாடிக்கைக்காரர்கள்கூட "ஆமை இருக்காரா?" என்று கேட்டுக்கொண்டுதான் உள்ளே வருவார்கள். எனக்கு அதில் வருத்தமே இருந்ததில்லை. புது இன்ஜினைப் பழக்குகிறவனுக்கு அதைவிட நல்ல பட்டம் எங்கே கிடைக்கும்?

பழக்குவது என்றால் என்ன என்று கேட்டீர்கள். புது இன்ஜினில் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்குகளும், அவை உரசி ஓடும் சிலிண்டர் சுவரும் இன்னும் ஒன்றோடொன்று படிந்திருக்காது. புதுச் செருப்பு காலுக்குப் படிகிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் படியும். வண்டியை எடுத்தவுடன் மிதிக்கக் கூடாது, சூடேறும்வரை காத்திருக்க வேண்டும். ஒரே வேகத்தில் போகாமல் ஏற்றி இறக்கி ஓட்ட வேண்டும். முதல் ஆயிரம் கிலோமீட்டர் இப்படிப் பார்த்துக்கொண்டால் இன்ஜின் ஆயுசுக்கும் உழைக்கும். அதில் கெடுத்தால் கெடுத்ததுதான். ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறவர்களுக்கு அதை மெதுவாக ஓட்டும் பொறுமை இருப்பதில்லை. ஆகவே என்னிடம் கொடுப்பார்கள்.

மாப்பிள்ளை, அதாவது என் தங்கையின் கணவர், பல் டாக்டர். அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்லியே பழகியவருக்குத் தன் வாயை மூடத் தெரியாது என்று நாங்கள் கேலி செய்வோம். தங்கமான மனுஷன். என்னைப் பற்றி யாரிடம் பேசினாலும் ஒரு பங்கு கூட்டித்தான் பேசுவார். எங்களுக்கு அப்பா அம்மா சீக்கிரமே போய்விட்டதால் தங்கையை வளர்த்ததும் கட்டிக்கொடுத்ததும் நான்தான். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "அண்ணன் கையில குடுத்துட்டா கவலையில்ல" என்று அவள் அடிக்கடி சொல்வாள். மிக்ஸியானாலும் சரி, ஒழுகுகிற குழாயானாலும் சரி, அதைச் சொல்லித்தான் என்னிடம் கொடுப்பாள். என்னிடம் வேறு பெரிய சொத்து இல்லை, ஐயா. அந்தப் பேச்சுத்தான் இருந்தது.

மாப்பிள்ளை சிவப்பு நிறத்தில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார். வாங்கிய அன்றைக்கே பட்டறைக்கு வந்து சாவியை என் சட்டைப் பையில் போட்டார்.

"நானூறு குதிரை மச்சான். நீங்களே பழக்கிக் குடுங்க. அதுவரைக்கும் நான் கிட்டயே வரமாட்டேன். தொட்டேன்னா மிதிச்சுடுவேன்" என்றார்.

இனி சொல்லப்போவது எனக்கு மிகவும் வெட்கமான பகுதி. இதைச் சொல்லும்போது நீங்கள் என் முகத்தைப் பார்க்காமல் இருந்தால் நல்லது.

மறுநாள் காலை வண்டியைப் புறவழிச்சாலைக்குக் கொண்டுபோனேன். இன்ஜின் இன்னும் சூடேறவில்லை. வழக்கம்போல ஓரமாக உருட்டிக்கொண்டு போனபோது ஒரு பால் வேன் என்னைத் தாண்டியது. அதன் டிரைவர் தலையை வெளியே நீட்டி, "என்னண்ணே, எறங்கித் தள்ளணுமா?" என்று கேட்டான். நியாயமான கேள்விதான். இதே மாதிரி எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள், சிரித்துவிட்டு விட்டிருக்கிறேன். அன்றைக்கு மிதித்துவிட்டேன்.

இத்தனை வருஷத்தில் என் கைக்கு வந்த ஒரு வண்டியையும் நான் மிதித்துப் பார்த்ததில்லை. முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. பால் வேன் பின்னால் போய்ச் சின்னதாகிவிட்டது. நான் தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, யாராவது தெரிந்தவர்கள் பார்த்தார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தேன்.

ஒரே ஒரு தடவைதான் மிதித்தேன் என்று நேற்று உங்கள் ஆளிடம் சொன்னேன். அது பொய். தினமும் மிதித்தேன். சூடேறட்டும் என்று ஒரு நாளும் காத்திருக்கவில்லை. அடுத்தவர்களுக்கு நான் படித்துப் படித்துச் சொன்ன எல்லாவற்றையும், ஒன்றைக்கூட விடாமல், அந்த வண்டியில் மீறினேன். ஆயிரம் கிலோமீட்டர் ஆவதற்குள் பின்னால் நீலப் புகை வந்துவிட்டது. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது, உள்ளே சுவரில் கீறல் விழுந்துவிட்டது என்று அர்த்தம். யாருக்கும் தெரியாமல் ஆயிலை ஊற்றி ஊற்றிச் சமாளித்தேன். இரவில் தூக்கம் போயிற்று. தங்கை வீட்டுக்குச் சாப்பிடப் போவதை நிறுத்திக்கொண்டேன்.

வண்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது மாப்பிள்ளை என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அடுத்த பேச்சே, எத்தனை குதிரை என்று அளந்து பார்க்க வேண்டும் என்பதுதான். பட்டறையில் கூட்டம் இல்லாத நாளாகப் பார்த்து வருகிறேன் என்றார். என்னால் என்ன சொல்ல முடியும்? வார விடுமுறை நாளுக்கென்று முதலாளியிடம் பட்டறைச் சாவியை வாங்கி வைத்தேன்.

பட்டறையின் பின்பக்கம் ஒரு மூடிய அறை இருக்கிறது, நீங்கள் பார்த்திருப்பீர்கள். தரையில் இரும்பு உருளைகள் பதித்திருக்கும். காரின் பின்சக்கரங்களை அவற்றின்மேல் ஏற்றி, நாலு பக்கமும் பெல்ட் போட்டு இழுத்துக் கட்டிவிட்டு மிதித்தால் வண்டி நின்ற இடத்திலேயே ஓடும். உருளை சுழல்வதை வைத்து எத்தனை குதிரைத்திறன் என்று கம்ப்யூட்டர் சொல்லிவிடும். கம்ப்யூட்டரும் சுவிட்சுகளும் பக்கத்தில் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம், தனிக் கதவு போட்ட சின்ன அறையில் இருக்கின்றன. காருக்கு முன்னால் இன்ஜினைக் குளிர வைக்க ஒரு ராட்சதக் காற்றாடி. பின்சுவரில் புகையை வெளியே இழுத்துத் தள்ளும் விசிறி. இரண்டுக்கும் தனித்தனி சுவிட்ச். புகை அதிகமானால் அடிக்கும் மணி ஒன்றும் உண்டு. சும்மா சும்மா கத்துகிறது என்று முதலாளி அதன் பேட்டரியைக் கழற்றி வைத்திருந்தார். அவரை இதில் இழுக்காதீர்கள், பாவம்.

எப்போதும் வண்டியில் நான் உட்காருவேன், சொந்தக்காரர் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பார். அன்று மாப்பிள்ளை கேட்டார்.

"இன்னைக்கு நான் மிதிக்கிறேன் மச்சான். இவ்வளவு நாள் தொடாம இருந்தேன்ல?"

சரி என்றேன். இரண்டு பேரும் பேசிக்கொள்ள ஹெட்போன் மாட்டிக்கொண்டோம். ஏசியை அணைத்துவிடுங்கள், அது குதிரைகளைத் தின்னும், கண்ணாடிகளை இறக்கிக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். அதை எல்லாரிடமும் சொல்வேன். அப்போது என் மனதில் எதுவும் இல்லை.

விளம்பரத்தில் போடும் குதிரைத்திறன் இன்ஜினில் அளந்தது. சக்கரத்துக்கு வருவதற்குள் கொஞ்சம் தேய்ந்துவிடும். நானூறு என்று போட்டிருந்தால் உருளையில் முந்நூற்று நாற்பது வர வேண்டும். முதல் ஓட்டத்தில் முந்நூற்றுப் பத்து வந்தது. எண்ணைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் இன்றைக்கு நாம் இப்படி உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்க மாட்டோம் என்று நினைக்கிறேன்.

அவர் சொன்னது இதுதான்: "உங்க கை பட்ட வண்டி மச்சான், பழக்கினதுல தப்பிருக்க வாய்ப்பே இல்ல. கம்பெனிக்காரன் தலையில கட்டிட்டான். நாளைக்கே ஆளை வரச் சொல்லி இன்ஜினைப் பிரிச்சுக் காட்டச் சொல்றேன். நீங்களும் கூட நில்லுங்க."

பிரித்தால் கீறல் தெரியும். கீறலைப் பார்த்தால் எந்தக் கம்பெனி ஆளும் ஒரே பார்வையில் சொல்லிவிடுவான், பழக்கும்போது யாரோ போட்டு மிதித்திருக்கிறார்கள் என்று. நான் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பேன். மாப்பிள்ளை என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டார், அது எனக்குத் தெரியும். வீட்டுக்குப் போய்த் தங்கையிடம், "அண்ணனை ஒண்ணும் கேக்காதே" என்று சொல்லியிருப்பார். அதை நினைத்தபோதுதான் எனக்குக் கூசியது.

இன்ஜினும் நம்மைப் போல மூச்சு விடுகிற பொருள். நல்ல காற்று உள்ளே போனால்தான் குதிரை வெளியே வரும். தான் விட்ட புகையையே திரும்ப இழுத்தால் சக்தி இறங்கும். எண் இன்னும் கொஞ்சம் கீழே வந்தால், இது அறைக் காற்றின் கோளாறு, இன்ஜினில் ஒன்றுமில்லை, இன்னொரு நாள் பார்க்கலாம் என்று சொல்லிவிடலாம் என்று தோன்றியது. நல்ல யோசனையாகத்தான் பட்டது. அதனால் பின்சுவர் விசிறியை அணைத்தேன். முன்னால் இருந்த காற்றாடியை அணைக்கவில்லை. அது போட்ட சத்தத்தில் அவருக்கு எதுவும் தெரிந்திருக்காது. கம்பீரமான சத்தம் வேண்டும் என்று, புகையைச் சுத்தம் செய்கிற பகுதியைக் கழற்றிவிட்டு வெறும் குழாயை மாட்டச் சொல்லியிருந்தார். வெறும் குழாயில் புகையின் விஷம் வடிபடாமல் அப்படியே வரும்; அதை மாட்டியதும் நான்தான்.

"இன்னொரு ஓட்டம் பாக்கலாம் மாப்ள" என்றேன். முந்நூற்று நாலு. அடுத்தது இருநூற்றுத் தொண்ணூற்றாறு. நான் நினைத்தபடியே இறங்கியது. இந்தத் தொழிலில் என் கணக்கு தப்பியதில்லை.

அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். நீங்களும் அதைத்தான் கேட்கப் போகிறீர்கள். தலை கனமாக இருக்கிறது என்று அவர் அப்போதே சொன்னார். சத்தத்துக்கு அப்படித்தான் இருக்கும், பழகிவிடும் என்றேன். காற்றுதான் கோளாறு என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார், நான் எதைச் சொன்னாலும் நம்புகிறவர். ஆனால் இன்னொரு நாள் நல்ல காற்றில் அளப்பார். அன்றைக்கும் முந்நூற்றுப் பத்துதான் வரும். கம்பெனிக்காரனைக் கூப்பிடுவார். இந்த யோசனையெல்லாம் அடுத்த ஓட்டம் முடிவதற்குள் எனக்கு வந்தது. அப்போது எண் இருநூற்று எண்பத்தொன்று. எண் அவ்வளவு இறங்கியிருந்தால் அந்தக் காற்றில் உட்கார்ந்திருக்கும் மனுஷன் எப்படி இருப்பார் என்று எனக்குத் தெரியும். தெரியாது என்று முதலில் எழுதிக் கொடுத்ததை அடித்துவிடுங்கள்.

அவர் தலை ஜன்னல் பக்கம் சாய்ந்த பிறகு நான் காத்திருந்தேன். இன்ஜின் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பிறகு விசிறியைப் போட்டு, புகையெல்லாம் வெளியே போகும்வரை நின்றேன். அதற்கப்புறம்தான் கதவைத் திறந்து அவரைத் தூக்கினேன். விசிறி தானாக நின்றிருக்கிறது, சத்தத்தில் கவனிக்கவில்லை என்று அழுதுகொண்டே சொன்னேன். அழுகை உண்மை. விபத்து என்று நீங்களும் ஃபைலை மூடினீர்கள்.

எல்லாம் அடங்கிய பிறகு தங்கை என்னைக் கூப்பிட்டனுப்பினாள். கூடத்தில் அவருடைய ஷூக்கள் அப்படியே இருந்தன. அவள் கார் சாவியை என் கையில் வைத்து மூடினாள்.

"விக்க மனசு வரலண்ணா. நீங்க பழக்கின வண்டி, உங்ககிட்டயே இருக்கட்டும். அவருக்கு எப்பவும் அவசரம். போதும்னு நீங்க எவ்வளவோ சொல்லியிருப்பீங்க, அவர்தான் கேட்டிருக்க மாட்டாரு" என்றாள்.

இருபத்தைந்து வருஷமாக என் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசாதவள். செத்துப்போன புருஷன் தலையில் பழியைப் போட்டுவிட்டு எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அதனால்தான் வந்தேன். என்னை என்ன செய்ய வேண்டுமோ செய்யுங்கள். கொலை என்று எழுதினாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். இன்ஜினைப் பற்றிய பகுதியை அவளுக்குச் சொல்ல வேண்டாம். ஏதோ பழைய மனஸ்தாபம், அதனால் செய்துவிட்டான் என்று சொல்லிக்கொள்ளுங்கள். அவர்கள் வண்டியை நான் மிதித்துக் கெடுத்தேன் என்பது மட்டும் அவள் காதுக்குப் போகக் கூடாது. அதை என்னால் தாங்க முடியாது.

இதைச் சொல்லும்போது நீங்கள் என்னைப் பார்க்கும் பார்வை எனக்குப் புரிகிறது.

இன்னும் ஒன்று இருக்கிறது. அவர் கடைசியாக என்ன சொன்னார் என்று தங்கை திரும்பத் திரும்பக் கேட்கிறாள். ஒன்றும் சொல்லவில்லை, சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை என்று சொல்லிவைத்திருக்கிறேன். ஹெட்போனில் எல்லாம் தெளிவாகக் கேட்டது. இருநூற்று எண்பத்தொன்று என்று நான் சொன்னேன். பிறகு நாக்கு குழறக் குழறக் கேட்டார்.

"கொறஞ்சுகிட்டே போகுதே மச்சான். நான் சரியா மிதிக்கலையோ?"

"ஆமா மாப்ள," என்றேன். "இன்னும் கொஞ்சம் நல்லா மிதிங்க."