இருபத்திரண்டு டிகிரி

செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்தீர்களே, அதற்கே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். விசாரணைக்கு வருகிறவர் பூட்ஸோடு திமுதிமுவென்று நுழைவார் என்று நினைத்திருந்தேன். இந்த அறைக்கு அது ஆகாது. கம்ப்யூட்டருக்குத் தூசி முதல் சத்துரு, சூடு இரண்டாவது. டாக்டர் சங்கரசுப்பிரமணியனே வாசலில் செருப்பை விட்டு, மிதியடியில் காலைத் துடைத்துக்கொண்டுதான் உள்ளே வருவார். ஆபரேஷன் அறைக்குக்கூட அவர் இவ்வளவு பயபக்தி காட்டி நான் பார்த்ததில்லை.

என் பெயர் பால்வண்ணநாதன், ஊர் மேலகரம். இந்த ஆஸ்பத்திரியில் ஒன்பது வருஷம் டைப்பிஸ்டாக இருந்தேன். என் மேஜை, ஊசிகளைக் கொதிக்கவைக்கிற அறையை ஒட்டிக் கிடந்தது. சீசனில் தென்காசியே சாரலில் சிலிர்த்துக்கொண்டிருக்கும், நான் மட்டும் ஆவியில் வெந்துகொண்டிருப்பேன். தாளில் வியர்வை சொட்டாமலிருக்க மணிக்கட்டில் துண்டைச் சுற்றிக்கொண்டு அடிப்பேன். அந்த ஒன்பது வருஷத்தில் என்னை யாரும் நிமிர்ந்து பார்த்ததில்லை. அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை.

எண்பத்தேழு பங்குனியில் கம்ப்யூட்டர் வந்தது. இந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் அதுதான் முதல். மதுரையிலிருந்து வந்து பொருத்திக் கொடுத்த இன்ஜினியர், போகும்போது சுவரில் ஒரு தெர்மாமீட்டரை மாட்டினார். "இருபத்திரண்டைத் தாண்ட விடாதீங்கண்ணே" என்றார். அன்றிலிருந்து அந்த எண் என் பொறுப்பு. சாரல் காற்று ஈரத்தைக் கொண்டுவரும் என்று ஜன்னல் இடுக்கையெல்லாம் பசைத்தாள் ஒட்டி அடைத்தேன். மணிக்கொரு தரம் சூட்டைக் குறித்துவைத்தேன். இதோ நோட்டு, நீங்களே புரட்டிப் பாருங்கள். கதவை ஒரு தரம் திறந்து மூடினால் இரண்டு டிகிரி ஏறும், அது இறங்கப் பத்து நிமிஷம் பிடிக்கும். இது எந்தப் புத்தகத்திலும் இல்லை, நானாகக் கண்டுபிடித்தது.

கம்பவுண்டர் குத்தாலிங்கம் அண்ணாச்சிக்கு இதெல்லாம் ஒரே சிரிப்பு. "ஏலே பால்வண்ணம், வெளிய சாமி போட்ட ஏசி சிலுசிலுன்னு வீசுது. நீ சன்னல அடச்சுட்டு உள்ள ஒண்ணு போட்டுட்டு உக்காந்திருக்க. ஒன்னய என்ன செய்யச் சொல்லுத?" என்பார். சொல்லிக்கொண்டே உள்ளே வருவார். வந்ததும் அவரையறியாமல் ஒரு மூச்சு விடுவார், "ஆ" என்று. எல்லோருமே விடுவார்கள். பிறகு கம்ப்யூட்டரைப் பார்ப்பார்கள், அதற்குப் பிறகு என்னைப் பார்ப்பார்கள். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நர்ஸ் ஹாஜரா பீவியின் மனுவுக்கு வருகிறேன். எண்பத்தெட்டு ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, பேராச்சியின் குழந்தை இறந்தது தன் தவறால் அல்ல என்று அவர் எழுதியிருக்கிறார். கதவைத் தட்டியது பால்வண்ணநாதனுக்குக் கேட்டதா, அதை மட்டும் கேட்டுச் சொல்லுங்கள் என்றும் எழுதியிருக்கிறார். ஒரு வருஷம் கழித்தும் அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

பேராச்சி குத்துக்கல்வலசைக்காரி, பீடி சுற்றுகிறவள். ஏழாம் மாதத்திலேயே பிரசவமாகிவிட்டது. பெண் குழந்தை, ஒரு கிலோ இருநூறு கிராம். கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். உள்ளே முப்பத்துநான்கு டிகிரி இருக்க வேண்டும், இறங்கவே கூடாது என்பது டாக்டர் உத்தரவு. பெட்டியின் மேல் ஒட்டியிருந்த சீட்டில் அந்த எண்ணைப் பெரிய எழுத்தில் அடித்துக் கொடுத்தது நான்தான். அந்த வெள்ளிக்கிழமை குழந்தைக்கு ஒன்பதாம் நாள். பிழைத்துக்கொள்ளும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

எங்கள் ஜெனரேட்டர் சின்னது. வார்டையும் கம்ப்யூட்டரையும் சேர்த்து இழுக்கும், ஏசியையும் போட்டால் திணறி நின்றுவிடும். அதனால் கரண்ட் போனால் முதலில் ஏசியை அணைத்துவிட வேண்டும் என்பது சட்டம். வார்டுக்குப் போகிற லைனின் ஸ்விட்ச்சும் இந்த அறையில்தான், உங்கள் தலைக்கு மேலே, அந்தச் சிவப்புக் கைப்பிடி. பொறுப்பான ஆள் கையில் இருக்கட்டும் என்று டாக்டர் இங்கே வைக்கச் சொன்னார். அந்த வெள்ளிக்கிழமைக்கு முன் நாற்பது ஐம்பது தடவை கரண்ட் போயிருக்கும். ஒரு தடவைகூட நான் அந்தக் கைப்பிடியைத் தொட்டதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை, திருநெல்வேலியிலிருந்து இரண்டு பெரிய டாக்டர்கள் கம்ப்யூட்டரைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. பிடித்துப்போனால் அவர்கள் ஆஸ்பத்திரியிலும் ஒன்று வாங்குவார்கள், இரண்டுக்கும் நான்தான் மேற்பார்வை என்று பேச்சு இருந்தது. குற்றாலத்தில் குளித்துவிட்டுப் பத்தரைக்கு வருவார்கள் என்றார்கள். அவர்களை அழைத்துவர டாக்டரும் காரில் போயிருந்தார். பத்தே காலுக்குக் கரண்ட் போனது. இலஞ்சிப் பக்கம் மரம் சாய்ந்துவிட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

ஜெனரேட்டர் ஓட ஆரம்பித்தது. தெர்மாமீட்டரைப் பார்த்தேன், இருபத்திரண்டு. ஏசி இல்லாவிட்டால் அரை மணியில் இருபத்தாறு, ஒரு மணியில் இருபத்தெட்டு. நான் சிவப்புக் கைப்பிடியை இறக்கிவிட்டு ஏசியைப் போட்டேன். பகல் நேரம், வார்டில் விளக்கு எரியவில்லை. சாரல் அடித்ததால் மின்விசிறியும் சுற்றவில்லை. எழுபது பேர் படுத்திருந்த ஆஸ்பத்திரியில் ஒருவருக்கும் எந்த வித்தியாசமும் தெரிந்திருக்காது. கண்ணாடிப் பெட்டிக்கு மட்டும்தான் தெரியும்.

பத்து இருபத்தைந்துக்கு ஹாஜரா பீவி கதவைத் தட்டினார்.

"அண்ணாச்சி, மோட்டார் ஓடுது, வார்டுக்குக் கரண்ட் வரல. பெட்டி ஆறிக்கிட்டே வருது. என்னன்னு பாருங்க அண்ணாச்சி."

கதவு உள்ளே தாழிட்டிருந்தது. சீசன் நேரத்தில் காற்று தள்ளும் என்று எப்போதும் தாழிட்டுத்தான் வைப்பேன். அவர் திரும்பி ஓடினார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வந்தார்.

"அண்ணாச்சி, முப்பதுக்கு வந்துட்டு. பிள்ள நெறம் மாறுது. உள்ளதான இருக்கீய? கதவத் தொறங்க."

அன்றைக்கு வெளியே நல்ல குளிர். ஜன்னலைத் திறந்து வைத்திருந்தால் இந்த அறையும் தன்னாலே இருபத்துநான்கில் நின்றிருக்கும். அதே காற்றுதான் வார்டில் பெட்டியை ஆற்றிக்கொண்டிருந்தது. இதை இப்போது சொல்கிறேனே தவிர, அப்போது அப்படி யோசிக்கவில்லை.

பத்தரைக்கு வரவேண்டியவர்கள் அருவியை விட்டு வர மனமில்லாமல் நின்றுவிட்டார்கள். பன்னிரண்டே காலுக்குத்தான் கார் வந்தது. இருவரும் தலை ஈரத்தோடு, உதடு வெளுத்துப்போய் வந்தார்கள். ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே கால் வைத்ததும் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு நடுங்கினார்.

"என்னய்யா, இங்கன பல்லு கிட்டிப்போவும் போலிருக்கே. மொதல்ல இந்த ஏசிய அமத்தும்" என்றார்.

அமர்த்தினேன். சிவப்புக் கைப்பிடியை மேலே ஏற்றினேன். பிறகு நோயாளிகளின் பெயர்களை அகர வரிசையில் வரவைத்துக் காட்டினேன். அறை இருபத்தாறுக்கு ஏறியது. கம்ப்யூட்டர் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

பெட்டி ஆறியதும் ஹாஜரா பீவி குழந்தையை வெளியே எடுத்து, பஞ்சில் சுற்றி, பேராச்சியின் ரவிக்கைக்குள் நெஞ்சோடு வைத்துப் போர்த்தியிருக்கிறார். அதைவிட ஒரு நர்ஸ் வேறென்ன செய்ய முடியும்? மதியம் மூன்று மணிக்குக் குழந்தை இறந்தது.

மறுநாள் டாக்டர் பெட்டியின் சூட்டுக் கணக்கை அச்சிட்டுத் தரச் சொன்னார். ஹாஜரா பீவி கையால் எழுதிய சீட்டு என்னிடம் இருந்தது. பத்து இருபதிலிருந்து முப்பத்திரண்டு, முப்பது, இருபத்தெட்டு என்று எழுதி, பக்கத்தில் கரண்ட் இல்லை என்று குறித்திருந்தார். நான் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு மணிக்கும் முப்பத்துநான்கு என்று ஏற்றினேன். ஏற்றி முடித்த சீட்டுகளைக் கிழித்துவிடுவது எங்கள் வழக்கம், இதையும் கிழித்தேன். அச்சில் வந்த தாளை டாக்டர் இரண்டு தரம் படித்துவிட்டு ஹாஜரா பீவியைக் கூப்பிட்டார்.

"பெட்டி சரியாத்தான இருந்திருக்கு. பிள்ளய எதுக்கு வெளிய எடுத்தீய?"

"கரண்ட் இல்ல சார். பால்வண்ணம் அண்ணாச்சி ரூம போய்த் தட்டுனேன் சார்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான், ஏசி சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்றேன். கரண்ட் இல்லாமலிருந்தால் இதில் வந்திருக்குமே, கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா என்றார் டாக்டர். ஹாஜரா பீவி அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். ஐந்து வருஷம் ஒரு குறையும் சொல்லவிடாமல் வேலை பார்த்தவர், அன்று மாலையே போய்விட்டார். பிள்ளையைக் கொன்ற நர்ஸ் என்று பேராகிவிட்டதால் வேறு எந்த ஆஸ்பத்திரியிலும் அவரைச் சேர்க்கவில்லை.

ஒரு வாரம் கழித்துப் பேராச்சி வந்தாள். வாசலில் செருப்பை விட்டாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், உள்ளே வரவில்லை.

"ஐயா, அந்தக் கம்பூட்டர் பெட்டிக்குள்ள எம்பிள்ள பேரு எழுதியிருக்காமே. ஒரு படம்கூடப் பிடிக்கல. அத ஒரு தாள்ல அடிச்சுத் தாரியளா?"

பெயர் வைத்திருக்கவில்லை. பேராச்சி குழந்தை, பெண் என்றுதான் இருந்தது. ஒன்பது நாள் கணக்கையும் சேர்த்து அச்சிட்டுக் கொடுத்தேன். இது என்ன என்று எண்களைத் தடவிக் கேட்டாள். உன் பிள்ளை கடைசிவரை சூடாக இருந்தது என்பதற்குக் கணக்கு என்றேன். தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, நான்காக மடித்து மடியில் வைத்துக்கொண்டு போனாள். இப்போதும் வைத்திருப்பாள் என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு இந்த அறையில் ஒரு தொந்தரவு. தெர்மாமீட்டர் இருபத்திரண்டுக்கு வந்து நின்றதும் கதவு தட்டுகிற சத்தம் கேட்கும். போய்த் திறப்பேன். வாசலில் என் செருப்பு மட்டும் கிடக்கும். சில நாள் அதன் பக்கத்தில் ஈரக்கால் தடம் இருக்கும். சாரல் காலத்தில் அதில் ஒன்றும் அதிசயமில்லைதான். ஒரு நாள் தெர்மாமீட்டரைக் கழற்றி, கம்ப்யூட்டரின் பின்னால் விசிறிக் காற்று வருகிற இடத்தில் வைத்துப் பார்த்தேன். முப்பத்துநான்கு காட்டியது. அதிலிருந்து அந்தப் பக்கம் கையை வைக்க எனக்குப் பயம். சிறு மூச்சாக வந்துகொண்டே இருக்கும்.

போன மாதம் குற்றாலத்தில், பேரருவிக்குப் போகிற வழியில் ஹாஜரா பீவியைப் பார்த்தேன். மரவள்ளிக்கிழங்கு விற்றுக்கொண்டிருந்தார். நான் ஒதுங்கப் பார்த்தேன், அவரே கூப்பிட்டார். முகத்தில் கோபமே இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"அண்ணாச்சி, நான் தட்டுனது ஒங்களுக்குக் கேட்டுச்சா, கேக்கலையா? கேக்கலன்னா அல்லா விட்ட வழின்னு மனசத் தேத்திக்கிடுதேன். ராத்திரி ஒறக்கமில்ல. இன்னும் கொஞ்சம் ஓங்கித் தட்டியிருக்கணுமோன்னே தோணுது."

கேட்கவில்லை என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு கிழங்குகளை அடுக்கத் தொடங்கினார். பிறகு என்ன நினைத்தாரோ, மனு எழுதியிருக்கிறார்.

கம்ப்யூட்டரைக் காப்பாற்றத்தான் இப்படிச் செய்தாயா என்று நீங்கள் கேட்பீர்கள். டாக்டரிடம் உண்மையைச் சொல்ல நேர்ந்தால் அப்படித்தான் சொல்வதாக நானும் வைத்திருந்தேன். ஆனால் கம்ப்யூட்டரோடு வந்த புத்தகம் இதோ இருக்கிறது. இந்தப் பக்கத்தில், ஓடும்போது அறை முப்பத்திரண்டு டிகிரி வரை இருக்கலாம், அணைத்து வைத்திருந்தால் நாற்பத்துமூன்று வரை தாங்கும் என்று போட்டிருக்கிறது. அடியில் பென்சில் கோடு இழுத்தது நான்தான், அது வந்த முதல் நாளே. இருபத்தெட்டில் அதற்கு ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும். வந்தவர்கள் உள்ளே கால் வைத்ததும் அந்த மூச்சை விட வேண்டும், பிறகு என்னைப் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் செய்தேன். அவர்கள் நடுங்கினார்களே தவிர, அந்த மூச்சை விடவில்லை.

எழுதிக்கொள்ளுங்கள். எனக்குக் கேட்டது. முதல் தரம் நான்கு தட்டு, இரண்டாம் தரம் ஏழு, மொத்தம் பதினொன்று. அவர் ஓங்கித்தான் தட்டினார், அதை அவரிடம் சொல்லிவிடுங்கள். நான் கதவுக்கு இந்தப் பக்கம் தாழ்ப்பாளில் கை வைத்துக்கொண்டு நின்றேன். திறந்தால் இரண்டு டிகிரி ஏறுமே என்று நின்றேன். அன்றைய பக்கத்தை நோட்டில் பாருங்கள், பத்து மணி இருபத்திரண்டு, பதினொரு மணி இருபத்திரண்டு, பன்னிரண்டு மணி இருபத்திரண்டு. ஊரில் யார் கணக்கு எப்படியோ, என் கணக்கில் ஒரு பிசகு கிடையாது.

கையெழுத்து எங்கே போட வேண்டும்? போட்டுவிட்டேன். போகும்போது மட்டும் கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் போங்கள், குளிர் வெளியே போகிறது.