ஆஸ்பத்திரியில் இழுத்த வலை

பொன்னேரியிலிருந்து பழவேற்காடு போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் இருந்தவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்:

"ஆஸ்பத்திரில என்னிய வலை இழுக்கச் சொன்னாங்க மச்சான்."

"இன்னாது? மூத்திரப்பைய எடுக்கணும்னுதானே போன?"

"ஆமா. எடுத்துட்டா ரெண்டு வழி இருக்காம். குடல்ல ஒரு துண்டு வெட்டி உள்ளயே புதுப்பை தெச்சு வெப்பாங்க. இல்லாட்டி வயித்துல ஓட்டை போட்டு வெளிய பை ஒட்டிக்கணும். எனக்கு வெளிய ஒட்றதுதான் சரிப்படும்னாங்க."

"அத்த வெச்சிக்கினு ஏரில எப்படி எறங்குவ?"

"அதான் நர்சம்மா பேனாவோட வந்தாங்க. உக்காரச் சொன்னாங்க, குனியச் சொன்னாங்க. லுங்கி எங்க கட்டுவேன்னு பாத்தாங்க. அப்புறம் வலை இழுத்துக் காட்டுங்கன்னாங்க. கட்டில் கம்பில துண்டக் கட்டி இழுத்தேன். கயிறு ஒரசாத எடமாப் பாத்துப் புள்ளி வெச்சாங்க."

சட்டையைத் தூக்கிக் காட்டினார். தொப்புளுக்கு வலப்பக்கம் கீழே நீலப் புள்ளி.

மச்சான் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். டச்சுக் கல்லறை தாண்டும்போது போனை எடுத்தார்.

"யாருக்குப் போடற?"

"நீ விக்கச் சொன்ன வலைக்கு சுண்ணாம்புக்குளத்துல ஆள் பாத்து வெச்சிருந்தேன்."

மறுமுனையில் எடுத்துவிட்டார்கள்.

"அண்ணே, அந்த வலை விக்கறதுக்கு இல்ல. எங்க மச்சான் இழுப்பாரு."