நாய்ப் பூங்காவில் ஒரு தொன்னைப் பொங்கல்

நாய்ப் பூங்காவுக்கு இரண்டு கதவுகள். வெளிக்கதவைத் திறந்து உள்ளே வந்து, அதைத் தாழ் போட்ட பிறகுதான் உள்கதவைத் திறக்க வேண்டும். அவிழ்த்து விட்ட நாய் எதுவும் சாலைக்கு ஓடிவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. குழந்தைக்கும் புரிகிற விஷயம். எங்கள் காலனியில் படித்தவர்கள் பாதிப் பேருக்கு இன்னும் புரியவில்லை.

எழுதிக்கொள்ளுங்கள், தாட்சாயணி. நீங்கள் எஸ்.ஐ. ஆனாலும் என் மகள் வயதுதான். பெயர் சொல்லி அழைப்பதில் தவறில்லை. என்னை யாரும் பிடித்துக்கொண்டு வரவில்லை. நானாக ஆட்டோ பிடித்து வந்தேன். என் பெயர் ருக்மணி. என் அகத்துக்காரர் திருமலையில் கைங்கர்யம் செய்தவர்.

பூங்காவுக்கு நான் ஆசைப்பட்டுப் போகவில்லை. என் மகன் பிரஹ்லாத் அமெரிக்கா போகும்போது மூக்கு இருக்கிற இடமே தெரியாத சப்பை முக நாயொன்றை என் தலையில் கட்டிவிட்டுப் போனான். அதற்கு நடை வேண்டுமாம். அதனால் மாலையில் அந்தக் கூட்டத்தோடு நிற்க வேண்டியதாயிற்று. பெற்ற தாய்க்கு ஒரு வாய் காபி கலந்து தராதவர்கள், நாயின் பின்னால் பையை விரித்துக்கொண்டு குனிந்து நிற்பார்கள். தங்கள் நாய் அடுத்தவர் மேல் ஏறினால் அது விளையாட்டு. அடுத்தவர் நாய் குரைத்தால் அது வளர்ப்புக் குறை. பூங்காவைத் திறந்த அன்று மாட்டாஸ்பத்திரி டாக்டர் வந்து, நாய்க்கு எது ஆகும், எது ஆகாது என்று விவரமாகச் சொன்னார். மற்றவர்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். காது கொடுத்துக் கேட்டது நான் ஒருத்திதான். உலர்ந்த திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

யாமினி என்ற பெண் புத்தூர்ப் பக்கத்துக்காரி. ரேணிகுண்டா ரோட்டில் ஏதோ செல்போன் கம்பெனியில் ஷிப்டு வேலை. பெற்றோர் இல்லை, ஒற்றை அறையில் குடியிருப்பு. தெருவில் அடிபட்டுக் கிடந்த நாயொன்றைத் தூக்கிக்கொண்டு புத்தூருக்கே போய், மனிதர்களுக்கு எலும்பு கட்டுகிறவரிடம் கெஞ்சி அதற்குக் கட்டுப் போட்டு வந்தவள். கேட்டபோது சிரிப்பாக வந்தது. அதற்குப் புஜ்ஜி என்று பெயர். நொண்டிக்கொண்டே அவள் காலைச் சுற்றி வரும். "எனக்கு வூடுன்னா இதான் மாமி" என்பாள்.

ஒருநாள் மழை தூறியதால் நான் கொஞ்சம் அவசரமாக உள்ளே வந்தேன். வெளிக்கதவு சாத்தாமல் இருந்திருக்கலாம். அந்தப் பெண் ஓடி வந்து உள்கதவின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"மாமி, மொதல்ல அத்த மூடுங்க. புஜ்ஜி அவுந்துகினு கீது, ரோட்டுக்குப் பூடும்."

அத்தனை பேர் எதிரில். காவலாள் சிரஞ்சீவி கூட வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினான். நானே போய்க் கதவை மூடினேன். அவள் அதோடு விட்டாளா என்றால், இல்லை. என் நாயின் கழுத்துவார் முறுக்கியிருப்பதைப் பார்த்து மண்டியிட்டுச் சரிசெய்தாள். "கோச்சிக்காதீங்க மாமி, பயத்துல கத்திட்டேன்" என்றாள். மறுநாள் எனக்காக ஒரு முழம் மல்லிகை வாங்கி வந்தாள். இப்படிப்பட்டவர்களுக்கு மரியாதைக் குறைவாகப் பேசவும் தெரியும், உடனே பூவால் துடைக்கவும் தெரியும். பூவை வாங்கிக்கொண்டேன். மறுப்பது பண்பல்ல.

கோபத்தில் செய்ததாக எழுத வேண்டாம். புரட்டாசி சனிக்கிழமை வரை காத்திருந்தேன். கோபக்காரர்கள் காத்திருப்பதில்லை.

பூங்காவுக்குள் தின்பண்டம் கொண்டுவரக் கூடாது என்பது விதி. பிஸ்கட் பொட்டலத்தைக் கூட சிரஞ்சீவி பிடுங்கி வைத்துவிடுவான். அந்தச் சனிக்கிழமை சர்க்கரைப் பொங்கலோடு நான் கொண்டுபோன தூக்குப் பாத்திரத்தைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான்.

"ப்ரசாதம் கதா அம்மா, ப்ரசாதம்தானே? போங்க, போங்க. எனக்கும் கொஞ்சம் வெச்சிட்டுப் போங்க."

திருமலை அடிவாரத்து இந்த ஊரில் பிரசாதத்தைத் தின்பண்டம் என்று எவனும் சொல்லமாட்டான். எல்லோருக்கும் தொன்னையில் கொடுத்தேன். யாமினிக்குத் தனியாக எடுத்து வைத்திருந்த தொன்னையை நீட்டி, "புஜ்ஜிக்கும் கொடு, அதுவும் ஜீவன்தானே" என்றேன். கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஒரு விரலால் தொட்டுத் தன் வாயில் வைத்துக்கொண்டு மீதி முழுவதையும் நாய்க்கே ஊட்டினாள். நான் எதிர்பார்த்ததும் அதுதான். திராட்சையை நெய்யில் வதக்கி அரைத்துக் கலந்திருந்தேன். வெல்லத்தோடு நிறம் தெரியாது. மனிதர்களுக்கு அதனால் ஒன்றும் ஆகாது; அந்த அளவுக்கு நான் யோசிக்காமல் இல்லை.

மறுநாள் காலை போன் செய்தாள்.

"மாமி, புஜ்ஜி வாந்தி எட்த்துகினே கீது. எதுனா திராட்சை துன்னுச்சான்னு டாக்டர் கேக்கறாரு. இப்பவே தெரிஞ்சா மருந்து ஏத்திக் காப்பாத்தலாமாம். பொங்கல்ல எதுனா போட்டீங்களா?"

"பெருமாள் பிரசாதத்தையா சந்தேகப்படறே, யாமினி?" என்று கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன்.

பிறகு, "தப்பு மாமி, தெரியாம கேட்டுட்டேன். கன்னத்துல போட்டுக்கறேன்" என்றாள். பக்கத்தில் இருந்த டாக்டரிடம், "வெளிய ஒண்ணும் துன்னல சார்" என்று சொன்னது எனக்கும் கேட்டது.

அந்தச் சமயத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாய் பிழைத்திருக்குமா என்கிறீர்கள். டாக்டர் அப்படித்தான் சொல்லியிருக்கிறார். நான் சொல்லவில்லை. மதியம் என் நாயைக் குளிப்பாட்டினேன், சேவித்தேன், தூங்கினேன். புஜ்ஜி செவ்வாய்க்கிழமை செத்தது. சாயங்காலம் அந்தப் பெண் என் வீட்டு வாசலில் வந்து, "நான் சந்தேகப்பட்டதாலதான் சாமி எட்த்துக்கினாரா மாமி?" என்று அழுதாள். இருக்கலாம் என்றேன். தண்ணீர் கொடுத்தேன்.

அத்தோடு முடிந்திருக்க வேண்டியது. டாக்டர் அதை அறுத்து, கெட்டுப்போன சிறுநீரகத்தைப் பார்த்துத் திராட்சைதான் காரணம் என்று சொல்லிவிட்டார். அன்று முதல் காலனியில் ஒரே பேச்சு: பிரசாதம் தின்று நாய் செத்ததாம். நேற்று ஆஞ்சநேயர் கோயில் வடையை எடுத்துக்கொண்டு போனேன். என்னிடம் கைநீட்டி வாங்கித் தின்ற அந்தச் சிரஞ்சீவி, "உள்ள வத்து, வேணாம் அம்மா, பிரசாதமும் கூடாது" என்று கதவை மறித்தான். நாய்கள் நுழைகிற இடத்தில் பெருமாள் நுழையக் கூடாதாம். இதைக் கேட்டுக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அதனால்தான் வந்தேன். பெருமாள் மேல் பழி நிற்கக் கூடாது.

அந்தப் பெண்ணிடம் வருத்தம் சொல்கிறேனா என்று கேட்காதீர்கள். வேறு நாய் வாங்கிக்கொள்வாள். தெருவில் குறைவா என்ன.

இதை மட்டும் பிழையில்லாமல் எழுதுங்கள். அன்று இரண்டு பாத்திரத்தில் பொங்கல் வைத்தேன். பெரிய பாத்திரத்தை மட்டும்தான் பெருமாள் முன் வைத்துத் திரையிட்டு, நைவேத்தியமாகக் கண்டருளப் பண்ணினேன். யாமினியின் தொன்னைக்கு வைத்திருந்ததை அடுக்களையை விட்டு வெளியே எடுக்கவில்லை; அவர் பார்வை படாதபடி தட்டு போட்டு மூடியிருந்தேன். அப்படிப்பட்ட பொருளை அவருக்குக் காட்டலாமா? அந்தப் பாவத்தை மட்டும் நான் செய்யவில்லை.