பூச்சாடிக்குப் போற பாட்டுப் பெட்டி

...நீயே சொல்லும்மா, கல்யாண ஊட்ல மாப்ள வண்டிய வுட்டு எறங்குற நேரத்துல, "நான் வரமாட்டேன், வரமாட்டேன், வரமாட்டேன்"னு மைக் செட்டு கொழா கத்துச்சுன்னா யாரு சும்மா இருப்பாங்க? ஊரே கூடி நிக்குது. மேளக்காரன் மேளத்த நிறுத்திட்டான். மாப்ளயோட சித்தப்பங்காரன் வேட்டிய மடிச்சுக் கட்டிக்கினு, "யார்றா அவ வரமாட்டேன்றவ?"ன்னு கேக்குறான். பொண்ணு பாவம், உள்ள அலங்காரத்துல உக்காந்துக்கினு முழிக்குது. அதுக்கு என்னா தெரியும்?

பெட்டியோட அந்த மூலைய ரவ நல்லா புடிம்மா. பாதி உன் மடியில, பாதி என் மடியில இருக்கட்டும். கீழ வெச்சா எவனாவது மிதிச்சிடுவான். உள்ள இருக்கிற ரெக்கார்டு ஒடைஞ்சா ஒண்ணுத்துக்கும் ஆவாதாம். முழுசா இருந்தாத்தான் பூச்சாடி வருமாம்.

ஆங், பூச்சாடிதான். வுழுப்புரத்துல ரயிலடிக்குப் பின்னால சவுரிராயன்னு ஒருத்தரு இருக்காரு. பழைய ரெக்கார்டுங்கள கொதிக்கிற தண்ணியில போட்டு, கொழகொழன்னு ஆனதும் சொம்பு மேல கவுத்து அமுக்குவாரு. ஓரமெல்லாம் மடிப்பு மடிப்பா சுருங்கி சாடி மாதிரி ஆயிடும். அதுல பிளாஸ்டிக் ரோசாப்பூ சொருகி விப்பாரு. அவருகிட்டதான் இந்தப் பெட்டி மொத்தமும் போவுது. இன்னியோட பீட ஒழிஞ்சுது.

சத்தமா பேசறனா? முன் சீட்டுக்காரரு திரும்பித் திரும்பிப் பாக்குறாரு. என்னா பண்றது, மைக் செட்டுக்காரருக்கு வாக்கப்பட்டவ நான். ஊட்ல ஆம்பிளிபையரு ஓடிக்கினு இருக்கும்போதே "சோறு ஆயிடுச்சு"ன்னு சொல்லிச் சொல்லிப் பழகின தொண்ட. மெதுவா வராது.

திண்டிவனத்துல வந்து கேட்டுப் பாரு, எத்தினி மைக் செட்டு இருக்குதுன்னு. எல்லாரும் என்னா போடுறான்? சினிமாப் பாட்டு. காலையில ஒரு பக்திப் பாட்டு, அப்புறம் சினிமா, சினிமா, சினிமா. ஊரும் சந்தோசமா கேக்குது. எங்க ஊட்டுக்காரருக்கு மட்டும் அது ஆவாது. "எல்லாருக்கும் தெரிஞ்ச பாட்ட நான் எதுக்குடி போடணும்? அது ஆத்துல தண்ணி மாதிரி தானா ஓடும். தெரியாத பாட்டத்தான் ஒருத்தன் கைய புடிச்சு இட்டுக்கினு வரணும்"ன்னு சொல்றாரு. பாட்டு என்னா, தொலைஞ்சு போன கன்னுக்குட்டியா? இட்டுக்கினு வர்றதுக்கு?

நாயித்துக்கெழம ஆச்சுன்னா பாண்டி சண்டே மார்க்கெட்டு. பழைய பேண்டு சட்ட குமிச்சு வெச்சிருப்பானே, அதுக்கு அடியில பூந்து தேடுவாரு. ஒரு வாட்டி சின்னதா ஒரு ரெக்கார்டு எடுத்துக்கினு வந்தாரு. காலேஜு பசங்க மூணு பேரு, கித்தாரு வெச்சிக்கினு, அவங்களே எழுதி அவங்களே பாடி அவங்களே வெளியிட்டதாம். கவர்ல கையால காக்கா வரைஞ்சிருக்கானுங்க. அது காக்காவா, கரிச்சட்டியான்னு நான் கேட்டேன். பாட்டு என்னா தெரியுமா? கடைசி பஸ்ஸ வுட்டுட்டு மழையில சைக்கிள்ல போறானாம் ஒருத்தன். அவ்ளோதான் பாட்டு! காதல் இல்ல, தத்துவம் இல்ல, ஒண்ணும் இல்ல. சைக்கிளு பெல்ல வேற நடுவுல அடிக்கிறானுங்க. அதக் கேட்டுட்டு இவரு கண்ண மூடிக்கினு உக்காந்திருக்காரு. "மழ பெய்யுதுடி அம்சா"ன்றாரு. நான் வெளிய ஓடிப் போய்ப் பாக்குறேன், காயப்போட்ட மொளகா நனையப் போவுதேன்னு. வெளிய மொட்ட வெயிலு!

சிரிக்காத. உனக்கு வந்தாத்தான் தெரியும் அந்த பேஜாரு.

அப்புறம் இரும்பன்னு ஒரு ஊரு, அது பக்கத்துல ஒரு வெள்ளக்காரரு. அவருக்கு இவரு என்னாமோ ஒயரு போட்டுக் குடுத்தாராம், அவரு பதிலுக்கு ஒரு ரெக்கார்டு குடுத்தாராம். ஒரு வெள்ளக்காரப் பொண்ணு, ஒத்த கித்தாரு. பக்கத்து ஊட்டுக்குக் கேக்கக்கூடாதுன்ற மாதிரி பாடுது. பாஷ புரியல எனக்கு. ஆனா யாரையோ திட்டாம திட்டுதுன்னு மட்டும் தெரிஞ்சுது, நமக்குத் தெரியாத திட்டா? அத எடுத்துக்கினு போய் ஒரு காதுகுத்துல போட்டுட்டாரு. சனம் எல்லாம் வாயப் பொளந்துக்கினு நிக்குது. ஆனா ஒண்ணு சொல்லணும், பொய் சொல்லக்கூடாது பாரு... அந்தக் கொழந்த அழுவல. ஆசாரி ஊசிய வெக்கும்போது தூங்கிடுச்சு. மெய்யாலும். அதோட ஆத்தாகூட வந்து கேட்டுச்சு, அந்தப் பாட்ட இன்னொரு வாட்டி போடுங்கன்னு. இவருக்கு அன்னிக்குத் தல கனம் தாங்கல.

விக்கிரவாண்டியா இது? அதுக்குள்ளயா? ஆளு ஏர்றாங்க பாரு, ரவ நகுந்துக்கோ... பெட்டிய வுட்டுடாத.

எங்க வுட்டேன்? ஆங், வரமாட்டேன். அந்தப் பாட்டு இருக்குதே, அதுதான் எல்லாத்துக்கும் மேல. பழைய பேப்பர் கடையில எடைக்குப் போட வெச்சிருந்தானாம். லேபில்ல பேரு இல்ல. "கிராமியப் பாடல், குழுவினர்"ன்னு மட்டும் போட்டிருக்குது. பாடுற பொம்பள யாருன்னு சாமிக்குத்தான் தெரியும். நடுவுல ஒரு எடத்துல இருமுது வேற! பாட்டுக்கு நடுவுல லொக்குன்னு ஒரு இருமல், அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி பாடிக்கினே போவுது. அந்த இருமலுக்காவே இவரு மறுபடி மறுபடி போடுவாரு. "வேர்க்கடலன்னு பாடல பாரு, மல்லாட்டன்னு பாடுது. இது நம்ம சைடு பொம்பளதான்டி"ன்னு சைக்கிள எடுத்துக்கினு ஊரு ஊரா போனாரு. மல்லாட்டக் கொல்லையில வேல செய்ற பொம்பளைங்ககிட்ட போயி, "யாராச்சும் ரெக்கார்டுல பாடினீங்களா, எங்க ஒரு வாட்டி இருமிக் காட்டுங்க"ன்னு கேட்டா சும்மா வுடுவாங்களா? வெரட்டி வுட்டாங்க.

அந்த ரெக்கார்டத்தான் பெருமுக்கல் கல்யாணத்துல போட்டாரு. பொண்ணோட அப்பா சுப்பராயலு அவ்ளோ சொன்னாரு, "சினிமாப் பாட்டு போதும்ப்பா, உன் ஆராய்ச்சியெல்லாம் வாணாம்"னு. இவரு கேக்கல. மாப்ள எறங்கும்போது நம்ம மண்ணுப் பாட்டு ஒண்ணு போட்டா ஊரே அசந்து போவும்னு நெனச்சாரு. அசந்துதான் போச்சு! ரெக்கார்டு மேல ஓடுற முள்ளு போயி அந்த ஒரு எடத்துல மாட்டிக்கிச்சு. வரமாட்டேன், வரமாட்டேன்... இவரு ஓடுறாரு, பிளேயரு பந்தலுக்கு அந்தாண்ட இருக்குது, நடுவுல பந்தி. எல வரிசையெல்லாம் தாண்டிக்கினு போயி நிறுத்துறதுக்குள்ள மானம் கப்பலேறிடுச்சு. கொழாயக் கழட்டிக் கையில குடுத்து, ஜல்தி எடத்தக் காலி பண்ணுன்னு அனுப்பிட்டாங்க.

ஊட்டுக்கு வந்து ஒவ்வொண்ணா போட்டுப் பாத்தாரு. காக்காப் பாட்டு குதிக்குது. வெள்ளக்காரப் பொண்ணு குதிக்குது. எல்லாமே குதிக்குது! முள்ள மாத்திப் பாத்தாரு, அப்பவும் குதிக்குது. போன மாசம் வரைக்கும் வெண்ண மாதிரி ஓடினதுங்க. ஒண்ண எடுத்து மோந்து வேற பாக்குறாரு. "கோயிலு மாதிரி வாசன அடிக்குதுடி, ஆனா பாட்டு என்னைய வுட்டுப் போயிடுச்சு. எனக்கு ராசி இல்ல"ன்னாரு. பாட்ட மோந்து பாக்குற ஆள நீ எங்கயாச்சும் பாத்திருக்கியா? "எல்லாத்தையும் சவுரிராயன்கிட்ட போட்டுட்டு வா. இனிமே சினிமாப் பாட்டே போட்டுட்டுப் போறேன்"னுட்டாரு.

எனக்கு சந்தோசந்தான். ஏன் இருக்காது? எத்தினி வருசமா சொல்றேன்! அலமாரி காலியாச்சு. மடிச்ச பொடவய வெக்க எடம் கெடச்சுது. நல்லதுதான்... என்னா, ஊடு ரவ கம்முனு இருக்குது. அவரு பேசறதில்ல. சாப்பாடு போட்டா சாப்புடுறாரு, உப்பு இல்லன்னாகூட சொல்றதில்ல. அரிசி களையும்போது எனக்குத் தானா வாயில வருது அந்த மல்லாட்டப் பாட்டு, இருமலோட சேத்து. நான் இருமினதும் அவரு திரும்பிப் பாத்தாரு. பாத்துட்டு வெளிய போயிட்டாரு.

நான் ஒண்ணும் இதுங்களுக்கு விரோதி இல்ல. சொல்லப் போனா என் அளவுக்கு மரியாத பண்ணினவ யாரு? இந்த வருச ஆயுத பூச அன்னிக்கு அவரு செட்டத் தூக்கிக்கினு லாரி ஷெட்டுக்குப் போயிட்டாரு. ஆம்பிளிபையரு, கொழா, ஒயரு எல்லாத்துக்கும் அங்கியே பொட்டு வெச்சிடுவாரு. ஊட்ல ஆயுதம்னு என்னா மிச்சம்? அருவாமண, ஒலக்க, தையல் மெஷினு. அப்புறம் நெனச்சேன், இந்த ரெக்கார்டுங்கதான அவருக்கு சோறு போடுது, இதுங்களுக்கு ஒரு பொட்டு கூடவா இல்லன்னு. ஒவ்வொண்ணா கவர்லேருந்து எடுத்தேன். நல்ல சந்தனம், கல்லுல நானே கெட்டியா ஒரசினது. ஒவ்வொண்ணுக்கும் மூணு பொட்டு, நடுவுல குங்குமம். எவ்ளோ அழகா இருந்துச்சு தெரியுமா? கறுப்புல சந்தனம்! சூடம் காட்டிக் கும்புட்டேன். ஆனா வெரலு படக்கூடாதுன்னு அவரு சட்டம் போட்டிருக்காரு பாரு, அதனால மறுநாளு காலையில ஈரத்துணியால அழுத்தித் தொடச்சு, கவர்ல போட்டு, இருந்த எடத்துலயே வெச்சிட்டேன். அவருக்கு இன்னி வரைக்கும் தெரியாது.

என்னா அப்படிப் பாக்குற?

ரெக்கார்டு ஒண்ண எடுக்கணுமா? எடுத்துப் பாரு. அய்ய, ஓரத்த புடி, ஓரத்த மட்டும் புடி! பள்ளத்துல கை படக்கூடாது. ஜன்னலு பக்கம் வெளிச்சத்துல காட்டு. என்னாத்தக் காட்டுற? வெள்ளையா இருக்குதா? எங்க... தூசா இருக்கும். நகத்தால சொரண்டாதம்மா, அவரு பாத்தா... மாவா வருது. தோ, இங்க ஒண்ணு. இங்க ஒண்ணு. அப்புறம்...

இங்க ஒண்ணு.

குடு. மூக்குகிட்ட குடு.

அட பாவி. அட பாவி அம்சா! கோடு கோடா இருக்கிற பள்ளத்துக்குள்ள போயி ஒக்காந்துக்கினு இருக்குது, ஈரத்துணி போட்டு நானே நல்லா அமுக்கி வுட்டிருக்கேன், செவுத்துக்கு சுண்ணாம்பு அடிச்ச மாதிரி. வேற எத எடுத்தாலும்... இதுலயும் இருக்குது. காக்காவுக்கும் இருக்குது. வெள்ளக்காரப் பொண்ணுக்கும் பொட்டு வெச்சிருக்கேன்! அந்த மனுசன் ராசி இல்லன்னுட்டு உக்காந்திருக்காரு. ராசி எங்க போச்சு? நான்தான அதுக்கு சந்தனம் பூசி ஒக்கார வெச்சேன்!

கண்டக்டரு! ஏம்ப்பா கண்டக்டரு, இது எந்த ஊரு? முண்டியம்பாக்கமா? நிறுத்து, எறங்கணும். வுழுப்புரத்துக்குத்தான் டிக்கட்டு எடுத்தேன், அதனால என்னா, முன்னாடி எறங்கினா உனக்கு நஷ்டமா? அந்தக் கரும்பு லாரி பின்னாலயே நிறுத்து.

அந்த மூலைய தூக்கிக் குடும்மா. பஞ்ச நனச்சு, பள்ளம் பள்ளமா பாத்து எடுத்துடலாம்ல? எடுத்துடலாம். நான் எடுக்குறேன். அவருகிட்ட சொல்லிடுவேன், மறைக்க மாட்டேன். திட்டுவாரு. திட்டட்டும்மா! பேசாம இருக்கிறதுக்குத் திட்டுறது எவ்ளவோ மேலு.

வயித்தெரிச்சல் என்னா தெரியுமா? அந்தக் கல்யாண ஊட்டுக்காரங்க அடுத்த வரியக் கேக்கவே இல்ல. "வரமாட்டேன், வெயிலு கொளுத்துது"ன்னு பாட்டுல வர்ற சின்னபொண்ணு சொல்லும். "பானையில கூழு இருக்குது, கரையில நெழலு இருக்குது"ன்னு அவளக் கூப்புடுறவன் சொல்லுவான். அப்போ ஒரு இருமல். அப்புறம்தான்ம்மா பாட்டே! "இதோ வரேன்"னு அவ கெளம்பிடுவா. ஒரு பொட்டு தள்ளி. ஒரே ஒரு பொட்டு தள்ளி முள்ளு போயிருந்தா...

அந்தாண்ட பாரு, திண்டிவனம் வண்டி கெளம்புது! ஏம்ப்பா டிரைவரு! இருப்பா! ஏய், இரு இரு... இதோ வரேன்!