தீபாவளி கழியும் வரை

கோழிக்கு இரை போடுவதை வைத்தே ஒரு வீட்டுக்காரியை எடை போட்டுவிடலாம், ஏட்டம்மா. அள்ளி இறைக்கிறவள் கோழி வளர்க்கவில்லை, எலி வளர்க்கிறாள். சிந்தின தானியத்துக்கு எலி வரும், எலி பின்னாலேயே பாம்பு வரும். நான் அப்படியில்லை. கம்பும் குருணையும் கலந்து, போட்டதைக் கொத்தி முடித்த பிறகுதான் அடுத்த கை போடுவேன். பொழுது சாய்வதற்குள் முற்றத்தைப் பெருக்கிவிடுவேன். குஞ்சுகளுக்கென்று சட்டியில் சாணியும் கிழிந்த சாக்கும் அடைத்து, நனைத்துக் கவிழ்த்து, கரையான் பிடித்துக் கொடுப்பேன். கூட்டுப் பக்கம் பொந்து தெரிந்தால் அன்றைக்கே கண்ணாடிச் சில்லும் சிமெண்டும் வைத்து அடைப்பேன். ஏழாயிரம்பண்ணையில் எங்கள் தெருவில் பாம்புக்குக் கோழி கொடுக்காத வீடு இது ஒன்றுதான். பக்கத்து வீட்டு ராக்காயியைக் கேளுங்கள், அவளே சொல்வாள். ஸ்டேஷனுக்கு வந்து என்மேல் சந்தேகம் சொன்னவளும் அவள்தானே. அவள்மேல் எனக்கு வருத்தம் கிடையாது.

என் மகள் ரோஜா பாம்பு கடித்துத்தான் செத்தாள். அதில் பொய்யில்லை. ஆனால் போன வருஷத்திலிருந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

சுனாமிக்கு அடுத்த புரட்டாசியில், என் மூத்தவன் முனியராஜ் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியில் மருந்து செலுத்துகிற அறை வெடித்தது. அவனைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்கள், பிரித்துப் பார்க்க என்னை விடவில்லை. தலை எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாமல்தான் அழுதேன். அதே அறையில் அவனுக்குப் பக்கத்தில் உட்காருகிறவன் என் கொழுந்தன் காசிராஜன். அவன் அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. விறகு அள்ளும்போது சுருட்டைவிரியன் கடித்து, ஆஸ்பத்திரியில் கிடந்து, கை வீங்கி வீட்டில் படுத்திருந்தான். "சாமிதான் பாம்பா வந்து காப்பாத்திருச்சு" என்று ஊரே பேசியது. அவன் பெண்டாட்டி புற்றுக்குப் பால் ஊற்றினாள். நானும் கூடப் போனேன். கும்பிட்டவர்கள் எல்லாரும் பேசிக்கொண்டே திரும்பினார்கள். நான் மட்டும் புற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

இந்த வருஷம் சீசன் தொடங்கியதும் ரோஜா அதே கம்பெனிக்குப் போனாள். பெட்டி ஒட்டுகிற வேலைதான், அதற்கே வேன் திரும்பும்வரை நான் தெருமுனையில் போய் நிற்பேன். ஆடி கழிந்ததும் அவளை மருந்து அறைக்கு மாற்றினார்கள். கூலி கூட என்று சந்தோஷமாகச் சொன்னாள். அண்ணன் செத்த இடத்தில் புதிதாகக் கட்டின அறை அது.

நான் என்ன செய்யாமல் இருந்தேன், சொல்லுங்கள். செருப்பை ஒளித்து வைத்தேன், வெறுங்காலோடு வேன் ஏறினாள். கதவைப் பூட்டினேன், ராக்காயியைக் கூப்பிட்டுத் திறக்கவைத்தாள். கடைசியில் காலில் விழுந்தேன், பெற்ற மகள் காலில்.

"எம்மா, அண்ணன் போனான்னா நானும் போயிருவனா? எத்தன வீட்டுப் புள்ளைக போகுதுக, வருதுக. நீ ஒன் கோழியப் பாரு, என்னைய விடு" என்றாள்.

போர்மேன் பெத்தணனைப் போய்ப் பார்த்து, அவளுக்கு வலிப்பு இருக்கிறது என்று பொய் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "சீசன் நேரத்துல இப்படி எத்தன தாய்மாரு வந்து அழுவீக. தீபாவளி கழியட்டும் ஆத்தா, நிப்பாட்டிக்கிடுங்க" என்றார்.

நியாயமான பேச்சுதான். தீபாவளி கழியும் வரைக்கும் அவள் வீட்டில் இருந்தால் போதும். எனக்கும் வேண்டியது அவ்வளவுதான்.

மறுநாளிலிருந்து நான் முற்றத்தைப் பெருக்கவில்லை. கம்பைக் கை கொள்ளும் மட்டும் அள்ளிக் கூட்டைச் சுற்றி இறைத்தேன். பின்பக்கம் அடைத்து வைத்திருந்த பொந்தைக் கடப்பாரையால் நெம்பித் திறந்தேன். எலி வந்தது. அடுத்த வாரம் கூட்டுக்குள் மூலை வைக்கோலில் சுருட்டை சுருண்டு கிடந்ததைப் பார்த்தேன். உடம்போடு உடம்பைத் தேய்த்து, ரம்பம் அறுக்கிற மாதிரி சத்தம் போட்டது. வேறொரு நாளாக இருந்தால் அடித்துப் போட்டிருப்பேன். அன்றைக்கு, சொன்னால் நம்பமாட்டீர்கள், கை எடுத்துக் கும்பிட்டேன்.

என் கணக்கு இதுதான். சுருட்டை கடித்தால் ரோஜாவுக்குக் கை வீங்கும். ஊசி போடுவார்கள். ஒரு மாசம், ஒன்றரை மாசம் படுத்திருப்பாள். நான் கஞ்சி ஊட்டுவேன். காசிராஜன் பிழைத்துக் கிடக்கவில்லையா? அன்றைக்கே தெருமுனை ஆட்டோக்கார நல்லசிவத்திடம், "சாயந்தரம் சாத்தூருக்கு ஒரு சவாரி இருக்கும், எங்கனயும் போயிராதப்பா" என்று சொல்லி வைத்தேன். கை கட்டத் துணி கிழித்து வைத்தேன். பொழுது சாயுமுன்னே கோழிகளைப் பிடித்து வீட்டுக்குள் பஞ்சாரக் கூடையில் அடைத்தேன். ராக்காயி பார்த்ததும், உங்களிடம் வந்து சொன்னதும் இதைத்தான். அடைக்காமல் வேறென்ன செய்ய? அதுகள் வாயில்லாத சீவன்கள்.

ரோஜா வேனை விட்டு இறங்கி வந்து முகம் கழுவினாள். "முட்டைய எடுத்துட்டு வா புள்ள, மூலையில கெடக்கும்" என்றேன்.

"கோழிகள எதுக்கு வீட்டுக்குள்ள அடைச்சிருக்க?"

"மழை வார மாதிரி இருக்கு."

வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. அவள் அண்ணாந்து பார்த்தாள், சிரித்தாள், போனாள்.

அலறவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு நடந்துதான் வந்தாள். "எம்மா, என்னமோ கொத்திருச்சு" என்றாள். துணியைக் கட்டிக்கொண்டே நான் சொன்னேன், "பயப்படாத. சுருட்டதான். ஒண்ணும் ஆகாது."

"சுருட்ட இல்லம்மா. படம் எடுத்துச்சு" என்றாள். பிறகு என் முகத்தையே பார்த்தாள். "சுருட்டன்னு ஒனக்கு எப்படித் தெரியும்?"

சுருட்டை இருந்த கூட்டுக்கு நல்லபாம்பும் வந்திருக்கிறது. எலியைக் கூப்பிட்டவளுக்கு, பின்னால் எது வரும் என்று தெரிந்திருக்க வேண்டும். எனக்கு அவசரம், அதை மட்டும் யோசிக்கவில்லை. ஆட்டோவில் என் மடியில்தான் படுத்திருந்தாள். அதே கேள்வியை இன்னொரு தடவை கேட்டாள், நாக்கு குழறிற்று. பிறகு இமை தூக்க முடியவில்லை. சாத்தூர் ஆஸ்பத்திரி வருமுன்னே மூச்சு நின்றுவிட்டது. அவள் கேட்டது ஆட்டோ சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்திருப்பாள்.

எழுதிக்கொள்ளுங்கள். பாம்பு வரட்டும் என்று இரை இறைத்தது நான். பொந்தைத் திறந்தது நான். இருக்கிறது என்று தெரிந்தே அவளைக் கூட்டுக்குள் கை விடச் சொன்னதும் நான்தான். கொன்றேன் என்று மட்டும் எழுதாதீர்கள். மகனைப்போல இவளையும் துணிமூட்டையாக வாங்கவில்லையே. முழு உடம்பாகக் குளிப்பாட்டி, முகம் பார்த்து, பூ வைத்து அனுப்பினேன். இந்தத் தெருவில் எத்தனை தாய்க்கு அது வாய்த்தது?

ரோஜா இருந்த இடத்தில் இப்போது ராக்காயி மகள் உட்காருகிறாள். காலையில் வேன் ஏறுகிறாள், சாயந்தரம் சிரித்துக்கொண்டே இறங்கி வருகிறாள். கோழிகளுக்கு இரை போடும்போது என் காது கம்பெனிப் பக்கமே இருக்கிறது. இன்னும் சத்தம் வரவில்லை. தீபாவளிக்கு இன்னும் நாள் கிடக்கிறது. அந்த அறை வெடிக்கும், ஏட்டம்மா. வெடித்துத்தான் ஆக வேண்டும்.